அரை இட்லி

ஒரே உட்காரலில் பன்னிரண்டு இட்லி தள்ளுகிற ஆசாமி சார் நான்! 128 கிலோவும் சர்க்கரையும் சேர்ந்து மிரட்டவே, போன வருஷம் இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். பாக்கியிருப்பது வாழைப்பழ சைஸில் ஒரு பை.

ரெண்டு வாரம் வெறும் தண்ணி ஆகாரம். அப்புறம் ரெண்டு வாரம் மிக்ஸியில் அடித்த கூழ். (ஆறு மாதக் குழந்தைகள் மேல் தனி மரியாதை வந்தது அப்போதுதான்!) அஞ்சாவது வாரம் இட்லிக்கு அனுமதி கிடைத்தது. அம்மா ஒன்றே ஒன்றைத் தட்டில் வைத்து எதிரே உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். நடுவில் தண்ணி கூடாது, அரை மணி கழித்துத்தான். எல்லாம் தெரியும். ஆனால், முப்பது வருஷப் பழக்கம் விடுமா? ரெண்டாவது விள்ளல் அப்படியே வழுக்கிக்கொண்டு போய் நடு நெஞ்சில் கல்லாக நின்றது. வாயெல்லாம் எச்சில் ஊற, பாத்ரூமுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "மாவு சரியாப் பொங்கலையாடா?"

மறுநாள் அரை இட்லியை இருபது நிமிஷம் மென்றேன். நிஜமாகவே வயிறு நிறைந்துவிட்டது!

இப்போது தோசை, மீன் எல்லாம் இறங்குகிறது. சோறுதான் இன்னும் மக்கர் பண்ணுகிறது. முதலில் முட்டை, பருப்பு; இடமிருந்தால்தான் சோறு.

அம்மாவின் கை மட்டும் பழக்கதோஷத்தில் இட்லிப் பானைப் பக்கம் போகும். "இன்னொண்ணு..." என்று ஆரம்பிப்பாள். பாதியில் நிறுத்திக்கொண்டு, தன் தட்டிலேயே போட்டுக்கொள்வாள்.