அய்யா கேட்ட கேள்வி

மேலூர்ப் பக்கத்துப் பள்ளியில் வாஷிங்டன், லிங்கன், 1969இல் நிலாவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங் என்று வரிசையாக ஒப்பிக்க வைத்தார்கள். ஒப்பித்தேன். தண்ணி மட்டும் எங்க தெருப் பிள்ளைகளுக்குக் கை குவித்துத்தான்.

மார்ட்டின் லூதர் கிங் பேரை மதுரையில் காலேஜ் சேர்ந்த பிறகே கேள்விப்பட்டேன். 1959இல் மனைவி கொரெட்டாவோடு இந்தியா வந்தவர். திருவனந்தபுரத்தில் நம்ம பிள்ளைகள் படித்த பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தாராம். முதலில் சுருக்கென்றிருக்கிறது. பிறகு தன் ஜனம் அடைபட்டுக் கிடக்கும் சேரிகளை நினைத்து, ஆமாம், நான் தீண்டப்படாதவன்தான் என்று தனக்குள் ஒத்துக்கொண்டார். 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டா சர்ச்சில் அவரே சொன்னது.

வெள்ளைக்காரன் நிறவெறியை நம்ம சாதியில் வைத்துப் புரிந்துகொண்ட மனுசன்! சந்தோஷம் தாங்காமல் அய்யாவிடம் ஓடினேன். இங்கே காந்திகிராமத்துக்கும் வந்துபோனார் என்றேன்.

அய்யா பீடியை அணைத்தார்.

"அம்பத்தொம்பதா? பரமக்குடியில இமானுவேல வெட்டி ரெண்டு வருசங்கூட ஆகலயேடா. முதுகுளத்தூர்ப் பக்கம் அவர யாரும் கூட்டிட்டுப் போகலியா?"

1957 செப்டம்பர் 11. 'எபனி' பத்திரிகையில் கிங் எழுதிய பயணக் கட்டுரையில் முதுகுளத்தூர் இல்லை.

"போகலய்யா."

"ம்… யாரு கூட்டிட்டுப் போவா?" என்று அடுத்த பீடியைப் பற்ற வைத்தார்.