அப்பாவின் உளியும் இரண்டு டப்பாப் பசையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வேதியியல் மாணவிக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்த உறவு என் தந்தையார் வழியாக வந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்புக் கடை ஒன்றில் அவர் 26 ஆண்டுகளாக மரவேலை செய்கிறார். குழலையும் விசையையும் தொடுவது முதலாளியின் பொறுப்பு. அந்த இரும்பைத் தாங்கும் கட்டையைச் செதுக்குவதும் மெருகேற்றுவதும் அப்பாவின் பொறுப்பு. அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே மருந்துப் பெட்டியின் துண்டுத்தாள் முதல் வங்கிக் கடிதம் வரை, ஆங்கிலத்தில் அச்சடித்த எதுவும் மாலையில் என் கைக்கு வந்துவிடும்.

சென்ற ஐப்பசியில் அப்படி வந்தவைதாம் பசை டப்பாக்களின் குறிப்புத்தாள்கள்.

போட்டிகளில் சுடும் ஒருவர் தம் .22 துப்பாக்கியைக் கடையில் கொடுத்திருந்தார். கோடையில் நன்றாகச் சுட்ட துப்பாக்கி, மழை தொடங்கியதும் குறி சிதறியது. 50 மீட்டர் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், நம் சட்டைப் பொத்தான் அளவு எனலாம். இவ்வளவு சிறிய வட்டத்தை நாடுகிறவருக்குக் கட்டையில் ஒரு மயிரிழை அசைந்தாலும் போதும், ஆட்டம் முடிந்தது. மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலர்ந்தால் சுருங்கும். அதுவும் இழைக்குக் குறுக்கேதான் மிகுதி. இரும்பு உட்கார்ந்த இடம் கோணலானால், திருகை முறுக்கும்போது இரும்பே சற்று வளைந்து, குழல் வேறு திசை பார்க்கும்.

அப்பா இதைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. குழலும் கட்டையும் சேரும் விளிம்பில் விரல் நுனியை வைத்துக்கொண்டு, முன் திருகை மெல்லத் தளர்த்துவார். குழல் எழும்பினால் விரலுக்குத் தெரியும். “எந்திரிக்குது பாரு” என்றார். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறைதான் தெரிந்தது.

பழைய முறையில், இரும்பின் அடியில் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, கட்டையில் அழுத்தி எடுத்து, கரி ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவுவார்கள். நாள் கணக்கில் நடக்கும் வேலை அது. இப்போது இரும்புக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு பசைப் படுகை வார்க்கிறார்கள். பசை, இரும்பின் வடிவத்தை அப்படியே வாங்கி இறுகிவிடும். மரம் உப்பினாலும் அந்த இருக்கை பெரும்பாலும் மாறாது. இந்தத் துப்பாக்கியில் யாரோ முன்பே பாலியெஸ்டர் பிசின் வார்த்திருந்தார்கள். அது இறுகும்போதே சுருங்கி, மரத்தை விட்டு ஓரமாகப் பெயர்ந்திருந்தது. இம்முறை எதை வார்ப்பது? நான்கு வாரத்தில் போட்டி. பசை இரும்பைக் கவ்விக்கொண்டாலோ கட்டையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வெளிநாட்டு அக்ரூட் கட்டை அது! அதன் விலை அப்பாவின் பல மாதச் சம்பளம்.

இவ்விடத்தில் பாடப்புத்தகம் எனக்குக் கைகொடுத்தது. ஈபாக்சியின் உயிர்நாடி ஒரு மூன்றணு வளையம். இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன். 109.5 பாகையில் இருக்க விரும்பும் பிணைப்புகளை ஏறத்தாழ 60 பாகைக்குள் அடைத்தால் சும்மா இருக்குமா? வாய்ப்புக் கிடைத்ததும் திறந்துகொள்ளும். அந்த வாய்ப்பைத் தருவது கடினமாக்கியில் உள்ள அமீன். நீர் போன்ற துணைப்பொருள் எதுவும் வெளியேறாத கூட்டுவினை இது. சுருக்கமும் பாலியெஸ்டரைவிடக் குறைவு. சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டன் 1930களில் செய்த ஆய்வை சிபா நிறுவனம் வாங்கி வளர்த்தது. 1946இல் அரால்டைட் சந்தைக்கு வந்தது. உடைந்த பொம்மையை ஒட்ட நம் வீடுகளில் பிதுக்கும் இரட்டைக் குழாய்க்கு இப்படியொரு பூர்வீகம் உண்டு.

ஒவ்வோர் அமீன் ஹைட்ரஜனுக்கும் ஒரு வளையம் என்பது கணக்கு. எனவே, “கடினமாக்கியைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும்” என்று பட்டறைகளில் சொல்வது ஈபாக்சிக்குப் பொருந்தாது. மிஞ்சிய அமீன் இணையில்லாமல் உள்ளே கிடந்து பசையை மென்மையாக்கும். இதை நான் சொன்னபோது, 26 ஆண்டு அனுபவம் ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தது.

ஐந்து நிமிடப் பசையை முதலிலேயே தள்ளினோம். குழைத்து, பூசி, இரும்பை அமர்த்த ஐந்து நிமிடம் எங்கே போதும்? வெயிலில் சூடேறிய இரும்பருகே அது இளகவும் செய்யும். கையால் பிசையும் புட்டி வகை நுண்ணிய இடுக்குகளில் பாயாது. அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே ‘அக்ராகிளாஸ்’ விற்கிறார்கள். அதன் நீர்ம வகைக்குக் கன அளவில் 4:1, கூழ் வகைக்கு 1:1. எங்களுக்குக் கைக்கெட்டியவை இரண்டு. ஒன்று மெதுவாக இறுகும் சாதாரண ஈபாக்சி, எடையில் 100க்கு 80. மற்றது எஃகுத்தூள் கலந்த புட்டி, எடையில் 9க்கு 1.

அப்பா முதலாவதை விரும்பினார். பழகிய பசை, அளவும் எளிது. அவர் பக்கம் நியாயம் இருந்தது: 20 கிராம் கலவையில் கடினமாக்கி 0.2 கிராம் பிசகினால், 100:80 வகையில் பிழை சுமார் 2 சதவீதம். 9:1 வகையிலோ 10 சதவீதம்! ஆனால், எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர் நீளும்போது, வெறும் ஈபாக்சி 50க்கும் மேல் நீள்கிறது. எஃகுத்தூள் இந்த இடைவெளியைக் குறைக்கிறது. திருகுத் துளைகளில் ஒழுகவும் விடாது. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்றை வாங்கினால் அப்பாவின் மறுப்பும் தீர்ந்துவிடும். வாங்கினோம்.

தீராத மறுப்பு வேறொன்று இருந்தது. சில மாதங்களாகவே அப்பாவின் விரலிடுக்குகள் சிவந்து, தோல் உரிந்து கொண்டிருந்தன. “மழைக்காலம்மா” என்பார். நான் படித்ததோ வேறு. இறுகாத ஈபாக்சிப் பிசினும் அமீன் கடினமாக்கியும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். உடல் அதை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு சிறு துளிக்கும் சீறும். கையே மூலதனமான ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். நைட்ரைல் கையுறை அணியச் சொன்னார். பசை பட்டால் அசிட்டோனால் கழுவாமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவச் சொன்னார்.

“கையுறை போட்டா மரம் பேசாதும்மா.”

“மரத்தைத் தொடும்போது கழட்டிடுங்கப்பா. பசையைத் தொடும்போது மட்டும் போடுங்க. பசை என்ன பேசப்போகுது?”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் என்னுடன் அரசு மருத்துவமனைக்கு வந்தார். மருத்துவர் களிம்பு கொடுத்தார். தோல் ஆறும்வரை பசையைத் தொடக்கூடாது என்றார். ஆற மூன்று வாரம் ஆயிற்று. போட்டிக்கு எஞ்சியது ஒரு வாரம்.

வார்ப்பு ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு. வெப்பம் ஏற ஏறப் பசை குழைவாக இருக்கும் நேரம் குறையும். 24 பாகையில் முக்கால் மணி என்றால் நண்பகலில் அதில் பாதிகூட நிற்காது. அப்பா பழைய பிசினைச் சுரண்டி, மரத்தில் பசை பிடிக்கச் சிறு குழிகள் கொத்தியிருந்தார். பசை நுழைந்து பூட்டிக்கொள்ளக்கூடிய துளைகளையெல்லாம் களிமண்ணால் அடைத்தார். முதலாளி இரும்பின் மீது நிறமில்லாத மெழுகை இருமுறை பூசித் துடைத்தார். நான் 45 கிராமும் 5 கிராமும் நிறுத்துக் கொடுத்தேன். நீலக் கையுறையோடு அப்பா குழைத்ததைப் பார்க்க, அறுவை மருத்துவர் போலத்தான் இருந்தது. சொன்னால் கோபிப்பார் என்று சொல்லவில்லை.

இருபத்துநான்கு மணி நேரம் காத்திருந்தோம். அன்றிரவு அப்பா இருமுறை எழுந்து தண்ணீர் குடித்தார். மறுநாள் கல்லூரிக்கு வரும் வழியில் நானும் கடையில் நின்றேன். திருகுகளைக் கழற்றி, மரச்சுத்தியால் முதலாளி மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றுமில்லை. இரண்டாம் தட்டுக்கு ‘டக்’ என்றொரு ஒலி. இரும்பு தனியே வந்தது. படுகையில், இரும்பின் அடியில் இருந்த அரக்கீறல்கள் கூட அப்படியே பதிந்திருந்தன. மீண்டும் பூட்டி, விளிம்பில் விரல் வைத்துத் திருகைத் தளர்த்தினார் அப்பா. பிறகு என் விரலை எடுத்து அதே இடத்தில் வைத்தார். குழல் அசையவில்லை.

அடுத்த துப்பாக்கி ஒன்று இப்போது கடையில் காத்திருக்கிறது. குறிப்புத்தாளின் தமிழாக்கத்தை நான் எழுதிக் கொடுக்க, அப்பா அதைத் தராசுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். அதன் கீழே அவர் கையெழுத்தில் ஒரு கணக்கு: 27க்கு 3.