நிற்கத் தெரிந்தவள்

அக்டோபர் 24, 2024

எழுந்ததும் முதலில் லத்தியைத்தான் பார்க்கிறேன். வீட்டுக்காரிக்கு இதில் அருவருப்பு. பேப்பர் வருவதற்கு முன்னால் எனக்குக் கிடைக்கும் செய்தி அதுதான். உருண்டை உருண்டையாக, உடைத்தால் உள்ளே ஈரம் தெரிகிற மாதிரி இருந்தால் அன்றைக்குக் கவலையில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது எதுவானாலும் அத்தனை நீளக் குடலையும் கடந்துதான் வெளியே வர வேண்டும். நடுவில் எங்காவது அடைத்துக்கொண்டால் வயிற்றுவலியில் புரளும், சில மணி நேரத்தில் உயிருக்கே வந்துவிடும். பொன்முடியிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கல்லாறும் விதுரையும் தாண்டி, குதிரை வைத்தியம் தெரிந்த டாக்டரைப் பிடித்து மேலே கூட்டி வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

செவந்தி என்னிடம் வந்த நாளிலிருந்து அப்படி ஓர் இரவைத் தரவில்லை. ஊறவைத்த கொள்ளு, தவிடு, புல் எதை வைத்தாலும் அவசரப்படாமல் மென்று தின்பாள். அவளுடைய நல்ல குணங்களை யாராவது கேட்டால் இங்கிருந்துதான் தொடங்குவேன். கேட்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அக்டோபர் 26

மலை பார்க்க வந்த குடும்பத்தில் ஒருவர் அந்தியூர்ப் பக்கம் குதிரைத் தரகர். செவந்தியைக் கண்டதும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். ஆடித் திருவிழாவுக்குக் குருநாதசாமி கோயிலில் கூடும் குதிரைச் சந்தையில் வருஷா வருஷம் நிற்பவராம். வாயைத் திறந்து பல் பார்த்தார், காதைப் பார்த்தார், சுற்றி வந்து சுழி பார்த்தார்.

“ஏனுங்க, காது நுனி ரெண்டும் சேரலீங்களே. கத்தியவாரி ரத்தம் கொஞ்சந்தானுங்க இருக்கும். முதுகுல இந்தச் சுழி வேற குடும்பத்துக்கு ஆகாதுங்க.”

நாலு காலும் முகமும் வெளுத்திருந்தால் பஞ்சகல்யாணி. செவந்திக்கு மூன்று கால்தான் வெளுப்பு, நெற்றியில் ஒரு பொட்டு. அதற்கும் வருத்தப்பட்டார். பிறகு ஒரு விலை சொன்னார். டீ கொடுத்து அனுப்பினேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சுழி பார்ப்பது அவர் கண்டுபிடித்ததில்லை. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரம் தஞ்சாவூர் சரசுவதி மகாலில் படங்களோடு இருக்கிறது. எந்த இடத்துச் சுழி என்ன பலன் என்று அதில் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்தவன் கிரேக்கத்துக்காரன் செனபோன். கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு வருஷம் போல முந்தியவன், குதிரைப் படையில் இருந்தவன். குதிரை வாங்கப் போனால் முதலில் காலைப் பார், அதிலும் குளம்பைப் பார் என்கிறான். குளம்பு சரியில்லாவிட்டால் மற்ற அழகெல்லாம் வீண். இந்த மலையில் ஒரு மாதம் குதிரை வைத்திருப்பவன் அதையேதான் சொல்வான்.

தரகர் குனிந்து ஒரு குளம்பைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 28

காலையில் மேலே போனோம். கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. பத்தடிக்கு முன்னால் ரோடே இல்லை. வளைவுக்குள் நுழையும்போது செவந்தி தானாக மலையோரம் ஒதுங்கி நின்றாள். நான் கடிவாளத்தைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு இன்ஜின் சத்தம் கேட்டது. டிரான்ஸ்போர்ட் பஸ் ஹாரன் அடித்தபடி எங்களை உரசுவது போல் திரும்பிப் போனது. அவள் அசையவில்லை. காது மட்டும் பஸ்ஸோடு போய்விட்டு வந்தது.

ஓடுவது குதிரையின் பிறவிக் குணம். புலிக்கும் செந்நாய்க்கும் ஓடித்தான் அந்த இனம் பிழைத்திருக்கிறது. கொம்பு இல்லை, நகம் இல்லை. சந்தேகம் வந்தால் ஓடு என்பதுதான் அதன் உடம்பில் எழுதியிருக்கும் ஒரே சட்டம். அப்படிப்பட்ட பிராணி ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்கிறது என்றால் அது சாதாரண விஷயமா? வேகத்தைப் புகழ எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு நிற்கத் தெரிந்த குதிரைதான் வேண்டும்.

மேலே பாறை விளிம்பில் வரையாடுகள் இரண்டு. பனி விலகி ஒரு நிமிஷம் தெரிந்தன, மறுபடி மூடிக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தால் அவள் கணுக்கால் மயிருக்குள் எல்லாம் அட்டை. உப்புத் துணியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அதற்கும் நின்றாள். பின்னங்காலுக்கு வந்தபோது மட்டும் வாலால் என் முகத்தில் ஒன்று வைத்தாள். அது அட்டைக்காகவா எனக்காகவா என்று தெரியாது.

அக்டோபர் 31

தீபாவளி. தோட்டத் தொழிலாளர் லயத்தில் விடியற்காலை நாலு மணிக்கே சரவெடி. பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் கொழுந்து கிள்ள வந்த குடும்பங்கள். ஊர் மறந்தாலும் வெடி மறக்கவில்லை.

நேற்றே செவந்தியைச் சத்தம் குறைவாக இருக்கட்டும் என்று பின்பக்கத்துக் கொட்டகையில் கட்டிவிட்டேன். நாலு மணிக்குப் போய்ப் பார்த்தபோது உடம்பு முழுக்க நடுக்கம், மூக்குத்துவாரம் விரிந்திருந்தது, கழுத்தெல்லாம் வேர்வை. பயப்படாத குதிரை என்று நான் எங்கும் பெருமை பேச மாட்டேன், நன்றாகப் பயப்படுகிறாள். ஆனால் கயிற்றை இழுக்கவில்லை, காலை உதைக்கவில்லை. நான் கழுத்தில் கை வைத்ததும் தலையை என் தோள்மேல் சாய்த்துக்கொண்டாள். அவள் தலை எவ்வளவு கனம் என்பது அப்படிச் சாய்க்கும்போதுதான் தெரிகிறது. வெடி ஓயும்வரை இரண்டு பேரும் அங்கேயே.

பகலில் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்து தேசிங்கு ராஜன் கதையை எடுத்தார். யாராலும் அடக்க முடியாத பாராசாரிக் குதிரை, அதன்மேல் பாய்ந்து ஏறிய செஞ்சிச் சிறுவன். நல்ல கதைதான். 1714-இல் ஆற்காட்டு நவாபோடு மோதி அவன் செத்தபோது இளைஞன். “உங்க குதிரைக்கு அந்தத் துடிப்பு இல்லையே அண்ணாச்சி” என்றார். இல்லை. எனக்கு அறுபதாகப் போகிறது, நவாபோடு எனக்குச் சண்டையும் இல்லை.

நவம்பர் 1

வெடிக்காகிதக் குப்பை. கொட்டகை சுத்தம். லத்தி சரி.

நவம்பர் 4

மகள் திருவனந்தபுரத்திலிருந்து போனில் ஒரு மணி நேரம். குதிரை மனிதனின் முகத்தைப் படிக்கும் என்று இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்களாம், 2016-இல் வந்தது. 28 குதிரைகளுக்கு மனிதர்களின் படம் காட்டியிருக்கிறார்கள். கோப முகத்தைக் கண்டால் இடது கண்ணால் பார்க்கத் திரும்புகின்றன, நெஞ்சுத் துடிப்பு சீக்கிரம் ஏறுகிறது. “அப்பா, நீங்க அம்மாகிட்ட சண்டை போட்டுட்டு லாயத்துக்குப் போகாதீங்க” என்று சிரித்தாள்.

நான் அவளுக்கு ஹான்ஸ் கதையைச் சொன்னேன். பெர்லினில் நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் கணக்குப் போடும் குதிரை என்று பேர் வாங்கியது. கேள்வி கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907-இல் பிஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சிக்காரர் விஷயத்தை உடைத்தார்: கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வரும்போது கேட்பவர் தன்னை அறியாமல் தலையை இம்மியளவு அசைக்கிறார், குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்துகிறது. ஏமாற்று என்று எல்லோரும் கைவிட்டார்கள். எனக்கு அது எப்போதும் வேடிக்கையாக இருக்கும். கூட்டலும் கழித்தலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் செய்யும். அசைத்தவருக்கே தெரியாத அசைவைக் கண்டுகொள்கிறவரை நான் மனிதரில் பார்த்ததில்லை.

செவந்தியிடம் இது தினமும் நடக்கிறது. சேணத்தின் மேல் உட்கார்ந்து இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று நினைக்கும்போதே அவள் திரும்பத் தொடங்கிவிடுவாள். என் தொடை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

நவம்பர் 6

மத்தியானம் இரண்டு மணிக்கு வானம் இருண்டது, மூன்றுக்கு இடி. துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை மணி பார்த்து வருகிறது. மலையே அதிர்கிற மாதிரி ஒரு மின்னல், உடனே கரண்ட் போனது.

இந்த ஈரந்தான் குதிரைக்கு எமன். குளம்பின் உள்ளங்காலில் அழுகல் பிடித்து நாற்றமடிக்கும். தினமும் தூக்கிச் சுரண்டி உலரவைத்தால்தான் தப்பிக்கும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியது நினைவுக்கு வந்தது. காயலில் கப்பல் கப்பலாக வந்து இறங்கும் குதிரைகள். அரசன் ஒருவனே வருஷத்துக்கு இரண்டாயிரம்போல வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அப்படியே. வருஷம் முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, சோற்றோடு சமைத்த இறைச்சியைத் தீனியாகப் போடுகிறார்கள் என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இந்த நாட்டுக்கு வந்துவிடாமல் வணிகர்கள் பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்.

பாண்டியனின் குதிரைப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த மாணிக்கவாசகரைச் சிறையில் போட்டார்கள் என்று கதை. போலோ சொல்வதைப் படித்தபிறகு அந்தப் பணம் நல்ல இடத்துக்குத்தான் போனது என்று தோன்றுகிறது.

அரபுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் விழுந்த இந்தத் தெற்குக்கோடியில், இத்தனை மழையில், செவந்தியின் குளம்பு கருங்கல்லாக இருக்கிறது. காது சேராத, கலப்பு ரத்தக் குதிரை. தரகர் குறையாகச் சொன்ன அந்தக் கலப்புதான் இவளை இங்கே வாழவைக்கிறது என்பது என் எண்ணம்.

நவம்பர் 7

குறையையும் எழுதிவைக்கலாம். குடை விரித்தால் ஆகாது. கேரளத்தில் குடை பிடிக்காத குதிரை! சுற்றுலா வருகிறவர்கள் மழைக்குக் குடையைப் பட்டென்று விரிக்கும்போது இரண்டு அடி பின்னால் தாவிவிடுவாள். வார் தோலைக் கடித்துக் கடித்து மெல்லுவாள். நான் நாயைத் தடவினால் மண்ணைக் காலால் பறிப்பாள். பெட்டைக் குதிரைக்குப் பொறாமை இல்லை என்று சொன்னவர் யாராவது இருந்தால் இங்கே வந்து பார்க்கட்டும்.

நவம்பர் 9

அல்பசி ஆறாட்டு. மகளும் நானும் திருவனந்தபுரத்தில் வள்ளக்கடவில் நின்றோம். பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் ஊர்வலம் விமான ஓடுதளத்தைக் கடந்துதான் போக வேண்டும். அதற்காகச் சில மணி நேரம் விமானங்களையே நிறுத்திவிடுகிறார்கள். கருட வாகனத்தில் மூர்த்திகள், அரச குடும்பத்தின் தலைவர் வாளேந்தி நடந்து வருகிறார். நான் பார்க்கப் போனது அதற்கு முன்னால் வந்த குதிரைப் போலீஸை.

திருவிதாங்கூர் அரசர் காலத்திலிருந்து வரும் படை அது. லாயம் கண்ணேற்றுமுக்கில். செண்டையும் பேண்டும் முழங்க, யானை ஒரு பக்கம், செல்போன் வெளிச்சம் ஒரு பக்கம். ஊர்வலம் இடையில் நின்றபோது ஒரு குதிரை எங்களுக்கு நேரே நின்றது. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி. மகளுக்குக் காட்டினேன். பாரம் தாங்கும் மற்றப் பின்னங்காலின் முழங்கால் சில்லு எலும்பு மேட்டில் போய்க் கொளுவிக்கொள்ளும். அப்புறம் தசைக்கு வேலை குறைவு. ஒரு காலை மாற்றி இன்னொரு கால். நின்றபடியே தூங்குவதும் இப்படித்தான். ஆனால் அந்த இரைச்சலில் காலைத் தளர்த்துகிறது என்றால், மேலே உட்கார்ந்திருப்பவரை அது நம்புகிறது என்று அர்த்தம். பயந்த குதிரை நாலு காலிலும் பாரத்தைப் போட்டு ஓட ஆயத்தமாக நிற்கும்.

முன்னதாகப் பகலில் குதிரைமாளிகைக்குப் போயிருந்தோம். சுவாதித் திருநாள் கட்டியது. தாழ்வாரத்துக்கு மேலே மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள். எல்லாம் முன்னங்காலைத் தூக்கிப் பாய்கின்றன. தச்சர்களின் கைவேலையைக் குறை சொல்ல முடியாது. சும்மா நிற்கிற குதிரை ஒன்றையாவது நடுவில் வைத்திருக்கலாம் என்றேன். “அதுக்கு யாரு டிக்கெட் வாங்குவா?” என்றாள் மகள்.

நவம்பர் 13

லாடம் மாற்றும் நாள். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்போல வளரும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, சீவி, திரும்ப அடிக்க வேண்டும். லாடம் கட்டுகிறவர் கீழேயிருந்து பைக்கில் வந்தார். வழக்கமாக ஒருவர் மூக்குக்கயிறு பிடிக்க, ஒருவர் கால் பிடிக்க என்று ஆள் கேட்பார். இங்கே அவர் ஆள் கேட்பதில்லை. முட்டியின் பின்னால் தட்டியதும் அவளே காலைத் தூக்கி அவர் மடியில் வைக்கிறாள்.

முன் இடது குளம்பில் ஓரமாக ஒரு கீறல் காட்டினார். ஆழமில்லை, இரண்டு வாரம் கல்பாதையில் ஏற்ற வேண்டாம் என்றார். பல்லையும் பார்க்கச் சொன்னேன். பதினாலு இருக்கும், பதினைந்தும் இருக்கலாம் என்றார். தரகர் சொன்னதைவிட இரண்டு வயது கூட.

மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், மேலே வரை ஏறிப் போக வேண்டுமாம். கீறலைச் சொல்லி மறுத்துவிட்டேன். தேயிலைச் சரிவில் புல்பாதையாக, நடையில் மட்டும், தொழிலாளர் கூடும் பெரட்டுக்களம் வரை போய் வரட்டும். கோதுமைத் தவிடு தீரப்போகிறது, நெடுமங்காட்டுக்கு நாளை ஆள் போகும்போது சொல்லிவிட வேண்டும்.