மீனை விடுவதற்கும் பழக வேண்டும்



போன வாரம் தரம் ஒன்பது பிள்ளைகள் ஒரு வீடியோ காட்டினார்கள். மொங்கோலியாவில் ஒருவர் ஆள் உயரத்துக்கு ஒரு மீனைப் பிடிக்கிறார். பிடித்த கையோடு ஆற்றிலேயே விட்டுவிடுகிறார். "சேர், இவருக்குப் பைத்தியமா? ஊருக்கே கறி வைக்கலாமே!"

அந்த மீனின் பெயர் டைமன். சால்மன் குடும்பத்தில் ஆகப் பெரியது. குளிர்ந்த, சுத்தமான, ஓடுகிற ஆற்றில்தான் வாழும். முட்டையிடும் பருவத்துக்கு வரவே 5 முதல் 7 வருடம் எடுக்கும். ஒரு மீற்றரைத் தாண்டிய டைமனுக்கு, வீடியோ காட்டிய பிள்ளையை விட வயது கூடவாக இருக்கலாம். அதைக் கறி வைத்தால் அந்த இடம் லேசில் நிரம்பாது.

ஆனால் விடுவது என்றால் தண்ணீருக்குள் தூக்கி எறிவதல்ல. தூண்டிலில் ஒரேயொரு முள் போதும். அதில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால், வாயைக் கிழிக்காமல் கழற்றலாம். மீனைத் தொட முதல் கையை நனைக்க வேண்டும். அதன் உடம்பிலுள்ள வழுவழுப்புத்தான் நோய் வராமல் காக்கிறது. காய்ந்த கையில் அது ஒட்டிக்கொண்டு வந்துவிடும். செவுளுக்குள் விரல் போகவே கூடாது.

போட்டோ எடுக்கும் வரை தூக்கி வைத்திருப்பதுதான் பெரிய அநியாயம். பிள்ளைகளை மைதானத்தை ஒரு சுற்று ஓடவிட்டு, நின்றதும் மூச்சை அடக்கச் சொன்னேன். பத்து வரை எண்ணவும் முடியவில்லை. இழுபட்டுக் களைத்து வரும் மீனுக்கும் அதுதான் நிலைமை. சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு. டிரவுட் போன்ற மீன்கள் 20 பாகையைத் தாண்டினாலே தவிக்கும். அந்த நேரத்தில் தூண்டில் போடாமல் இருப்பதுதான் சரி.

இதைக் கேள்விப்பட்ட ஒரு வாப்பா என்னிடம் கேட்டார்: "சாப்பிடாத மீனுக்கு ஏன் சேர் முள் குத்தணும்? உயிருள்ளதைக் குறி வைத்து விளையாடுவதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருக்கிறாங்களே?"

நியாயமான கேள்வி. வெறும் போட்டோவுக்காகப் பிடித்துப் பிடித்து விடுவதை என்னாலும் ஆதரிக்க முடியாது. மொங்கோலியாவில் அந்த மீனைத் தேடி வருகிறவர்களின் காசு, மீன் உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணமாகிறது. அந்தக் கணக்கு வேறு. நம் பிள்ளைகள் சாப்பிடத்தான் பிடிக்கப் போகிறார்கள். ஆனால் சாப்பிடப் பிடிக்கும் தூண்டிலிலும் குஞ்சு மாட்டும், சினை மீனும் மாட்டும். அதை உயிரோடு திருப்பி அனுப்பத் தெரியாத பிள்ளை கையில் தூண்டில் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

அரிதாகக் கிடைப்பதெல்லாம் காப்பாற்ற வேண்டியதும் அல்ல. நம் மலைநாட்டு டிரவுட்டை 1880களில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு சின்ன இறால் அதற்கு இரையாகிறது. இங்கே அருமையானது அந்த இறால்தான். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரே சத்தம்.

லீவு வருகிறது. ஓடைக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒரு குறடு கொடுத்து விடுங்கள். அறுந்த நைலோன் நூலைக் கரையில் போடாமல் வீட்டுக்கே எடுத்துவரச் சொல்லுங்கள். நானாமாரோ மாமாமாரோ ஒருவர் கட்டாயம் கூடப் போங்கள். மேலே மழை பெய்தால் தண்ணீர் சட்டென்று ஏறிவிடும்.