ராத்திரியில் மட்டும் ஃபெயில் ஆகும் டெஸ்ட்! - அக்கா கண்டுபிடித்த ஐந்தரை மணி நேர ரகசியம்

மழைக்காலத்தில் சில வீடுகளில் காலிங் பெல் தானாக அடிக்கும். சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். முதல் நாள் ஓடிப்போய்க் கதவைத் திறப்போம். இரண்டாம் நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்போம். ஒரு வாரம் போனால், 'அது சும்மா அடிக்குது' என்று சீரியலைத் தொடர்வோம். அன்றைக்குப் பார்த்து நிஜமாகவே கூரியர்காரர் வந்து, நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

சாஃப்ட்வேர் உலகத்திலும் இப்படியொரு காலிங் பெல் உண்டு. அதற்குப் பெயர் ஃப்ளேக்கி டெஸ்ட். எனக்கு அதை அறிமுகப்படுத்தியது என் பெரியம்மா மகள். சென்னையில் அவள் வீட்டில்தான் நான் தங்கியிருக்கிறேன். குழந்தை பிறந்ததும் ஐ.டி வேலையை விட்டவள், மூன்று வருடம் கழித்து மறுபடியும் வேலை தேடுகிறாள். 'இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?' என்று இன்டர்வியூவில் கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். அதற்காக ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் சேர்ந்தாள்.

ஓப்பன் சோர்ஸ் என்றால், புரோகிராம் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். நம் போனில் தமிழிலேயே கிடைக்கும் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் அப்படிப்பட்டதுதான். யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்பதால் காவலுக்கு ஆள் வேண்டுமே? அந்தக் காவல்தான் ஆட்டோமேட்டட் டெஸ்ட். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நூற்றுக்கணக்கில், பெரிய திட்டங்களில் ஆயிரக்கணக்கில் டெஸ்ட்டுகள் தாமாகவே ஓடி, 'எதுவும் உடையவில்லை' என்று உறுதி சொல்லும். சில டெஸ்ட்டுகள் மட்டும், ஓர் எழுத்துகூட மாறாமலேயே இப்போது பாஸ், கொஞ்ச நேரம் கழித்து ஃபெயில் என்று ஆட்டம் காட்டும். அவைதான் ஃப்ளேக்கி டெஸ்ட்டுகள்.

பால் கணக்கு நோட்டில் ஒரு துப்பு

அக்கா செய்தது சின்னத் திருத்தம்தான். எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆன பிறகுதான் அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு நள்ளிரவில் ஓட்டினால், அவள் தொடவே தொடாத ஒரு தேதிக் கணக்கு டெஸ்ட் ஃபெயில். திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு எழுதிக் கேட்டாள். 'எங்களுக்குப் பாஸ் ஆகிறது, மறுபடியும் ஓட்டிப் பாருங்கள்' என்று பதில் வந்தது. காலையில் ஓட்டினாள், பாஸ். ராத்திரி ஓட்டினாள், ஃபெயில்.

"மூணு வருஷத்துல எனக்கு எல்லாம் மறந்துபோச்சு போலடி" என்றாள் ஒருநாள், நான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தபோது. லேப்டாப் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

காலையில் பாஸ் ஆனதை வைத்து அவள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஃபெயில் ஆகும் நேரத்தையெல்லாம் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைக்க ஆரம்பித்தாள். நான்காவது நாள் பிடிபட்டது. எல்லா ஃபெயிலும் நள்ளிரவு 12 மணிக்கு மேல், விடிகாலை 5.30-க்குள்.

உலகப் பொது நேரத்தைவிட நம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே 15-ம் தேதி அதிகாலை 1 மணி என்றால், பொது நேரத்தில் இன்னும் 14-ம் தேதி இரவு 7.30. அந்த டெஸ்ட் 'இன்று என்ன தேதி?' என்று ஓரிடத்தில் நம் கம்ப்யூட்டர் கடிகாரத்தைக் கேட்டது. இன்னோர் இடத்தில் பொது நேரத்தைக் கேட்டது. நள்ளிரவில் இரண்டும் வேறு வேறு தேதியைச் சொல்லின. ஐரோப்பாவில் உட்கார்ந்து பகலில் ஓட்டிப் பார்த்தவர்கள் கண்ணில் அது எப்படிப் படும்? குழந்தை தூங்கிய பிறகு மட்டுமே வேலை பார்க்க முடிகிற ஓர் அம்மாவின் கண்ணில்தான் பட்டது.

இரண்டு இடத்திலும் பொது நேரத்தையே கேட்கும்படி ஒரு வரியை மாற்றி அனுப்பினாள். 'மறுபடியும் ஓட்டுங்கள்' என்று சொன்னவரே நன்றி எழுதிச் சேர்த்துக்கொண்டார். அவளுடைய பயோடேட்டாவில் இப்போது அதுதான் முதல் வரி.

பால் பொங்கும் வரை காத்திருங்கள்

அதற்குப் பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன். கூகுளே 2016-ல் எழுதியிருக்கிறது: அவர்களுடைய டெஸ்ட்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதம் ஓரளவுக்காவது ஃப்ளேக்கி. பாஸ் ஆகிக்கொண்டிருந்த டெஸ்ட் திடீரென ஃபெயிலாக மாறிய சம்பவங்களில் சுமார் 84 சதவீதத்தில் ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்ததாம். அத்தனை பொய் மணிக்கு நடுவே நிஜ விருந்தாளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் அப்பாச்சி ஓப்பன் சோர்ஸ் திட்டங்களை அலசினார்கள். அடிக்கடி தென்பட்ட காரணம், சரியாகக் காத்திருக்காததுதான். 'அடுப்பில் பால் வைத்த மூன்றாவது நிமிடம் பொங்கியிருக்க வேண்டும்' என்று டெஸ்ட் எழுதியிருப்பார்கள். கேஸ் குறைவாக எரிகிற அன்று ஃபெயில். மூன்றை ஐந்து நிமிடமாக்குவது தீர்வல்ல. 'பொங்கும் வரை காத்திரு' என்று எழுதுவதுதான் தீர்வு.

ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவில் ஃபெயிலான டெஸ்ட்டை ஆரஞ்சு நிறத்தில் காட்டுவார்கள். காரணமே இல்லாமல் வந்து வந்து போகும் ஆரஞ்சு தொல்லை தாங்காமல், 'ஆரஞ்சுக்கு எதிரான போர்' என்றே ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். இதைக் கண்காணிப்பவர்களுக்கு 'ஷெரிஃப்' என்று பெயர். அவ்வப்போது தலைகாட்டும் ஃபெயிலுக்கும் ஒரு புகார் எண் உண்டு; அது எத்தனை முறை வந்தது என்ற கணக்கும் உண்டு. சரிசெய்ய ஆள் கிடைக்காமல் தொல்லை அளவு மீறினால், அந்த டெஸ்ட்டை நிறுத்திவைக்கிறார்கள். நிறுத்தியதும் பதிவில் இருக்கும்.

எனக்குப் பிடித்தது அந்த நேர்மைதான். மணி கெட்டுவிட்டது என்று எழுதி ஒட்டினால், வருபவர் கதவைத் தட்டுவார். கெட்ட மணியைச் சும்மா அடிக்க விட்டால், வீட்டில் இருப்பவர்களுக்குக் காது மரத்துப்போகும்.

என் வேலையிலும் இதே கதைதான். ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் 'பிரேக்கிங்' என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பினால், வாசகர்கள் அதை அணைத்துவைத்துவிடுவார்கள். நிஜமாகவே புயல் வரும்போது அவர்கள் போன் அமைதியாக இருக்கும்.

இன்னொரு நஷ்டம் கணக்கில் வராதது. 'மறுபடியும் ஓட்டிப் பாருங்கள்' என்ற பதிலைப் படித்துவிட்டு, 'தப்பு நம் மேல்தான் போல' என்று சத்தமில்லாமல் லேப்டாப்பை மூடிவைத்த புதியவர்கள் எத்தனை பேரோ! சம்பளம் வாங்காமல் உழைக்க வருபவர்களை நம்பித்தான் பல ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள் நடக்கின்றன. அவர்களுக்கு 'எத்தனை மணிக்கு ஃபெயில் ஆனது?' என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். பாதி விடை அதில் கிடைத்துவிடும், வந்தவரும் தங்கிவிடுவார்.