ஒரே பெயரில் நான்கு புழுக்கள்

திங்கள்

நெதர்லாந்தின் மேற்கு ஸ்கெல்ட் கழிமுகத்தில் ஓதம் இறங்கிவிட்டது. ஆய்வு மாணவி ரப்பர் பூட்ஸ் புதைய நின்று, சேற்றுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயை அழுத்தி உருவுகிறார். அருகே அழுகிக் கிடக்கும் பழுப்புக் கடற்பாசியிலும் ஒரு பிடி எடுத்துக்கொள்கிறார். இத்தகைய சேற்றில் சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் நூற்புழுக்கள் இருப்பது சாதாரணம். பயிரின் வேரைத் துளைப்பவை, குடலில் குடியிருப்பவை என்றால் எல்லோருக்கும் தெரியும். பாக்டீரியாவையும் நுண்பாசியையும் தின்றுகொண்டு தன்பாட்டில் வாழும் இந்தக் கடல் கூட்டத்தைச் சீந்த ஆளில்லை.

செவ்வாய்

சேற்றை ஃபார்மலினில் ஊறவைத்து நுண்சல்லடையில் அலசுவதிலேயே பொழுது போயிற்று. பிறகு லுடாக்ஸ் என்ற சிலிக்காக் கரைசலில் சுழற்றினால் மணல் அடியில் தங்கும், புழுக்கள் மேலே மிதக்கும். ஒவ்வொன்றையும் மெல்லிய ஊசியால் தூக்கி, மெல்ல மெல்லக் கிளிசரினுக்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் உடல் சுருங்கிவிடும், அளப்பதற்கு உதவாது. கடற்பாசிப் புழுக்களுக்கு மட்டும் ஃபார்மலின் கிடையாது. அது டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும்.

புதன்

சேற்றுப் புழு ஒன்று லென்சுக்கு அடியில் தெளிவாகத் தெரிகிறது. தலையில் நான்கு முடிகள். அவற்றுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில், கொசுவர்த்திச் சுருள்போல் சுற்றிய ஒரு குழி: வேதிப்பொருளை உணரும் உறுப்பு. தோலெங்கும் புள்ளி வரிசை, வால் நுனியில் சிறு புடைப்பு. சபாட்டியேரியா பேரினம் என்பதுவரை தயக்கமில்லை. எந்த இனம் என்பதில்தான் சிக்கல்.

இதற்கான அளவுகோலைத் தந்தவர் இதே ஜீலாந்து மாகாணத்து ஆள். யோஹான்னஸ் டி மேன், 1850இல் பிறந்தவர். சிப்பிக்குப் பேர்போன யெர்சிக்கே கிராமத்தில் வாழ்ந்தவர். உடல் நீளத்தை அகலத்தாலும், தொண்டைக் குழலின் நீளத்தாலும், வாலின் நீளத்தாலும் வகுத்து வரும் மூன்று எண்களை அவர் புழுவின் அடையாளமாக்கினார். வட கடல் நூற்புழுக்களின் உடற்கூறு பற்றி 1886இல் அவர் வெளியிட்ட நூலை இன்றும் ஒதுக்க முடியாது. விலங்கியலில் பழைய தாளுக்கு ஓய்வே கிடையாது. புதிய இனம் என்று சொல்ல, அந்தப் பேரினத்தில் இதுவரை எழுதப்பட்ட அத்தனை விவரிப்புகளையும் கடந்தாக வேண்டும். உண்மையில் கண்டுபிடிப்பு நிகழ்வது சேற்றில் அல்ல, இந்த மேசையில்.

வியாழன்

நூலகம். ஹென்றி சார்ல்டன் பாஸ்டியன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1865இல், முப்பது வயதுகூட ஆகாதபோது, ஒரே நூலில் நூறு புதிய இனங்களை அறிமுகப்படுத்தினார். பிறகு ஒட்டுண்ணிப் புழுவை அறுத்தபோது வந்த ஒவ்வாமை அவரை இந்தத் துறையைவிட்டே விரட்டிவிட்டது. அந்த நூறில் ஒன்று, அழுகும் கடற்பாசியில் வாழும் ராப்டைட்டிஸ் மரினா. பேரினம் இரண்டு முறை மாறி, இன்று அது லிட்டோடைட்டிஸ் மரினா. திங்களன்று பிடியில் வந்த பாசியிலிருந்தது இதுதான்.

நம் வங்கக் கடலுக்கும் இப்படி ஒருவர் இருந்தார். டாக்காவில் கல்லூரி ஆசிரியராக இருந்த அமெரிக்கப் பாதிரியார் ரிச்சர்ட் டிம், வங்கக் கடலின் நூற்புழுக்களைப் பற்றி 1961இல் எழுதினார். 1987இல் மகசேசே விருது பெற்றார். புழுவுக்காக அல்ல, மனிதர்களுக்குச் செய்த தொண்டுக்காக.

வெள்ளி

பாசிப் புழுவின் டி.என்.ஏ. முடிவு வந்தது. நூற்றைம்பது ஆண்டுக் கதை இங்கேதான் குழம்புகிறது.

கெண்ட் பல்கலைக்கழகத்தின் சோஃபி டெரிக், டாம் மூன்ஸ் குழுவினர் 2005 முதல் பெல்ஜிய, டச்சுக் கரைகளில் இந்தப் புழுவைத் திரட்டி மரபணுவைப் படித்தார்கள். லென்சில் பார்த்தால் அச்சு அசலாக ஒன்றே. மரபணுவிலோ ஒன்றோடொன்று கலக்காத நான்கு வம்சங்கள். உருவத்தில் வேறுபாடே இல்லையா என்றால், அதுவும் இல்லை. 2008இல் குஸ்தாவோ ஃபொன்சேகாவும் அவர்களும் பல உறுப்புகளை நுணுக்கமாக அளந்து ஒப்பிட்டதும் வித்தியாசம் தலைகாட்டியது. மரபணு வந்ததும் டி மேனின் அளவுகோலைப் பரணில் போட்டுவிடலாம் என்று எண்ணியவர்களுக்கு இது நல்ல பதில். எங்கே அளப்பது என்று மரபணு சொன்னது. அளந்தது பழைய கைதான்.

சரி, நான்கில் எது பாஸ்டியனின் மரினா? விதிப்படி பெயர், முதலில் விவரிக்கப்பட்ட மாதிரியைச் சேர்ந்தது. ஆங்கிலேயக் கரையில் அவர் எடுத்த புழுவோடு எந்த வம்சம் பொருந்தும் என்று நிறுவாதவரை, மற்ற மூன்றுக்குப் புதுப்பெயர் சூட்டுவதும் வம்புதான்.

சனி

சேற்றுச் சபாட்டியேரியா பழைய விவரிப்பு எதிலும் அடங்கவில்லை. எண்கள் வேறு, சுருளின் சுற்றும் வேறு. ஆனால் இந்தப் பேரினத்தில் கடைசி வார்த்தை ஆணுடையது: வளைந்த புணர்முள்ளின் வடிவம், அதற்கு முன்னால் வரிசையாக நிற்கும் நுண்துளைகள். மாதிரியில் வந்தவை எல்லாம் பெண்களும் குஞ்சுகளும். பெண்ணை மட்டும் வைத்து எழுதினால் இதழாசிரியர் திருப்பி அனுப்புவார், அது நியாயமும்கூட. ஆகவே அட்டவணையில் அது "சபாட்டியேரியா இனம் 1" என்று ஏறுகிறது. சூழலியல் கட்டுரைகள் நெடுக இத்தகைய இனம் 1, இனம் 2 கிடக்கின்றன. ஓர் ஆய்வுக்கூடத்தின் இனம் 1 இன்னோர் ஆய்வுக்கூடத்தில் இனம் 4ஆக இருக்கலாம். ஒத்துப்பார்க்க ஸ்லைடை அனுப்பச் சொல்லிக் கேட்பவர்கள் சிலரே. மாணவி கேட்டு இரண்டு கடிதம் எழுதிவிட்டு, அடுத்த ஓதம் எப்போது என்று அட்டவணையைப் பார்க்கிறார்.