அப்பாவின் ஊசியும் பச்சை ஒளியும்



எங்க அப்பா டெய்லர். நீங்கள் போட்டிருக்கும் சீருடைகளில் சில எங்கள் வீட்டு மிஷினில் தைத்தவைதான். எனக்கும் வீட்டில் ஒரு வேலை உண்டு. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது! முதலில் காஜா எடுக்கும் ஊசிக்கு மட்டும்தான் கூப்பிடுவார். சென்ற ஆண்டு மிஷின் ஊசிக்கும் கூப்பிட ஆரம்பித்தார். "நாப்பதைத் தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான் பாப்பா. கண்ணாடி மாத்தினா சரியாயிரும்" என்பார்.

ஒருநாள் ராத்திரி துணி வெட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை வீசினார். "என்னப்பா?" என்றேன். "கொசு பறக்குது" என்றார். பார்த்தால் கொசுவே இல்லை. "அப்பா இல்லாத கொசுவை அடிக்கிறார்" என்று நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை போடுவார், சில நாள் மறந்துவிடுவார். சர்க்கரைக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் உண்டு என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கண்ணாடி மாற்றத்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணைக்கு நான். நர்ஸ் அக்கா சொட்டு மருந்து விட்டு, "கண்ணை மூடிக்கோங்க அண்ணே, பாப்பா விரியணும்" என்றார். "என் பாப்பா இங்கதானே நிக்குது!" என்று அப்பா என் கையைப் பிடித்துக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

டாக்டர் உள்ளே பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. கண்ணுக்குள் பின்பக்கத்தில் விழித்திரை இருக்கிறது என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். சர்க்கரை அதிகமாக இருந்தால் அதிலுள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் கெட்டு அடைத்துக்கொள்ளுமாம். ரத்தம் கிடைக்காத இடம் பட்டினியால் புதுக் குழாய்களை வளரச் செய்யும். அவை பலம் இல்லாதவை. உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். அப்பா அடித்த கொசு அந்த ரத்தத்தின் நிழல்தான்!

"லேசர் வைக்கணும்" என்றார் டாக்டர். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "எங்க தெருவுல ஒரு தம்பி லேசர் வச்சுக் கண்ணாடியையே தூக்கிப் போட்டுட்டான் சார். எனக்கும் அப்படி ஆயிருமா?" என்று கேட்டார்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "அது வேற லேசர், இது வேற. போன பார்வையை இது கொண்டு வராது. மிச்சம் இருக்கிறது போயிராமக் காப்பாத்தத்தான் இது." பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். முதல் லேசரை 1960-இல் அமெரிக்காவில் மைமன் என்பவர் உருவாக்கினார். அடுத்த ஆண்டே, 1961-இல், அதை ஒரு நோயாளியின் கண்ணில் பயன்படுத்திவிட்டார்கள்! கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லேசர் பின்னால் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய், அதன்மேல் புற ஊதா லேசரைச் செலுத்திப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டியது! அந்த லேசர்தான் கண்ணின் முன்பக்கம் உள்ள கருவிழியைச் செதுக்கிச் சரிசெய்கிறது. அவருக்கும் கூட வேலை செய்த வைன், பிளம் இருவருக்கும் 2013-இல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா தேசிய விருது கொடுத்தார்.

அப்பாவுக்கு வைப்பது இதற்கு நேர்மாறு. அது சுடாமல் வேலை செய்கிறது, இது சுட்டு வேலை செய்கிறது. விழித்திரையின் ஓரங்களில் ஆயிரத்துக்கும் மேலான புள்ளிகளைச் சுட்டுவிடுவார்கள். பட்டினி கிடக்கும் பகுதி குறைந்தால் புதுக் குழாய்களும் சுருங்கும். நடுப்பார்வை தப்பிக்கும். 1970-களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், இப்படிச் செய்தவர்களுக்குப் பார்வை பறிபோகும் ஆபத்து பாதியாகக் குறைந்தது. இப்போது சிலருக்குக் கண்ணில் ஊசியும் போடுகிறார்கள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓரம் அடிச்சா துணி பிரியாது. அந்த மாதிரிதானே பாப்பா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்ததை அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்!

மூன்று தடவை போனோம். கத்தி இல்லை, கட்டு இல்லை, படுக்கையும் இல்லை. மரத்துப்போக மருந்து விட்டு, கண்மேல் ஒரு சின்னக் கண்ணாடி வில்லையை வைப்பார்கள். தாடையை மிஷின்மேல் வைத்து உட்கார வேண்டும். பளிச் பளிச்சென்று பச்சை ஒளி. "சில இடத்துல சுருக்குன்னு ஊசி குத்தின மாதிரி இருந்துச்சு" என்றார் அப்பா. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்த மே மாதம் சீருடைத் துணிகளில் பாதியை வேறு டெய்லருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அம்மா நகையை அடகு வைத்தார். இன்றும் அப்பாவுக்கு இருட்டில் நடக்கச் சிரமம். பக்கவாட்டில் நின்றால் தெரிவதில்லை. ஒரு வருடம் முன்னால் போயிருந்தால் இவ்வளவு இழந்திருக்க மாட்டோம் என்று நினைக்கும்போது மனசு கேட்கவில்லை.

நண்பர்களே! உங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா? "கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்று சொல்வார்கள். விடாதீர்கள்! நன்றாகத் தெரியும்போதே நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். வருடத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லி நீங்களே கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். யாராவது இல்லாத கொசுவை விரட்டினால் என்னைப்போல் சிரிக்காதீர்கள்.

இன்றும் ஊசியில் நூல் கோப்பது நான்தான். ஆனால் துணியில் சாக்பீஸால் கோடு போடுவதும், கோடு பிசகாமல் வெட்டுவதும் எங்க அப்பாதான்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி